ஜிபிஎஸ் மாட்யூல் பொருத்தியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் என்னுடையது. தண்ணீர் லாரிகளுக்கு ஒரு டிராக்கர் செய்துகொண்டிருந்தேன். நியோ-6எம் என்ற ஜிபிஎஸ் மாட்யூல், அதை இயக்க இஎஸ்பி32 என்ற சின்ன கன்ட்ரோலர், இடத்தை மொபைல் நெட்வொர்க் வழியாக அனுப்ப ஒரு ஜிஎஸ்எம் போர்டு. வயர் போட்டு இணைத்து மொட்டைமாடியில் வைத்தபோது ஒரு நிமிடத்துக்குள் இடம் பிடித்து, எல்இடி நொடிக்கு ஒரு தடவை சிமிட்டத் தொடங்கியது. எல்லாவற்றையும் சின்ன பிசிபியில் (சர்க்யூட் போர்டில்) ஏற்றியதும், இருபது நிமிடம் ஆகியும் அந்த எல்இடி அசையவில்லை.

மாட்யூல் போலி என்று நினைத்து இரண்டு மாற்றினேன், வீண் செலவு. அப்புறம்தான் மாட்யூல் அனுப்பும் என்எம்இஏ என்ற தகவல் வரிகளில் ஜிஎஸ்வி என்ற வரியைப் பார்க்கத் தோன்றியது. ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னலும் எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதை அந்த வரி எண்ணாகச் சொல்லிவிடும். திறந்த வானத்தில் 40-ஐத் தொடவேண்டியது, எனக்கு 22, 24 என்றே நின்றது. போர்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். 12 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்கும் பக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு லித்தியம் பேட்டரியில் ஓட்டியதும் எண்கள் மளமளவென்று 38-க்கு ஏறின. மின் இரைச்சல் கிளப்பும் அதன் காயில் (கம்பிச்சுருள்) ஆன்டெனாவிலிருந்து ஒரு விரல் தூரம்கூட இல்லை! 20,000 கிலோமீட்டருக்கும் மேலிருந்து வரும் சிக்னல், பக்கத்திலேயே இப்படி ஒன்று இரைந்தால் எப்படிக் காதில் விழும்? கன்வர்ட்டரை எதிர்மூலைக்குத் தள்ளி, செராமிக் ஆன்டெனாவுக்கு அடியில் முழுக்க கிரவுண்ட் காப்பர் (கிரவுண்டோடு சேர்ந்த செம்புப் பரப்பு) விட்டேன். இப்போது பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடினாலும் பிடிக்கிறது.

பதில்:
எனக்கு சிக்னல் நன்றாகத்தான் இருந்தது அண்ணா, இடம்தான் தப்பு. வண்டி நிற்பது மதுரையில், மேப் காட்டுவது அருப்புக்கோட்டைப் பக்கம். மாட்யூலிலிருந்து அட்சரேகை 0955.50 என்று வருவதை 9.5550 டிகிரி என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அது 9 டிகிரி 55.50 நிமிடம்! நிமிடத்தை 60-ஆல் வகுத்துக் கூட்டினால் 9.925, சரியாக மதுரை. இரண்டு நாள் புரோகிராம் முழுக்கத் தேடினேன், தப்பு அந்த ஒரு வரியில் இருந்தது.

பதில்:
ஜிஎஸ்எம் வைப்பவர்கள் பவரைக் கவனியுங்கள். டேட்டா அனுப்பும்போது அது சட்டென்று 2 ஆம்பியர் வரை இழுக்கும். என் போர்டில் அந்த நேரத்தில் வோல்டேஜ் விழுந்து ஜிபிஎஸ் ரீசெட் ஆகும். பழைய தகவலைக் காத்துவைக்கும் பேக்கப் பேட்டரியும் செத்திருந்ததால் ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்திலிருந்து தேடும். ஜிபிஎஸ்ஸுக்குத் தனி ரெகுலேட்டர் கொடுத்து, ஜிஎஸ்எம் காலடியில் 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வைத்த பிறகு ஒரு தடவைகூட ரீசெட் ஆகவில்லை.