மணிக்கட்டு முறிந்தவரிடம் கண் அறுவை சிகிச்சையைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்?

தோபாயோவாசி:
வணக்கம். சென்ற வாரம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவசர சிகிச்சைப் பிரிவில் எலும்பை இழுத்து நேராக்குவதற்கு முன், ஊசி போடாமல், முகக்கவசம் ஒன்றைக் கொடுத்து என்டோனாக்ஸ் என்ற வாயுவை இழுக்கச் சொன்னார்கள். வலி வெகுவாகக் குறைந்தது. ஆனால் தாதி கேட்ட கேள்விகள்தாம் எனக்கு விளங்கவில்லை. அண்மையில் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்ததா, நெஞ்சில் அடிபட்டதா, கடலில் முக்குளித்தீர்களா என்றெல்லாம் கேட்டார். எழுபதைத் தாண்டிய அம்மாவுக்கு, கடைசிக் கேள்வியைக் கேட்டதும் அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. நான் முகக்கவசத்தைப் பிடித்துக்கொள்ள முன்வந்தபோது அதையும் தடுத்துவிட்டார். அம்மா சைவ உணவுக்காரர்; நீரிழிவுக்காகப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இந்த வாயு வைட்டமின் பி12ஐக் கெடுக்கும் என்று படித்ததால் கவலையாகவும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

இரவுப்பணித் தாதி:
முகக்கவசத்தை நோயாளி தம் கையால் பிடிக்க வேண்டும் என்பதே இம்முறையின் முதன்மையான பாதுகாப்பு. உருளையில் நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதியாகக் கலந்திருக்கும்; மூச்சை இழுக்கும்போது மட்டுமே வால்வு திறக்கும். அளவு கூடித் தூக்கக் கலக்கம் வந்தால் கை தானாகத் தளர்ந்து, முகக்கவசம் நழுவி, அவர் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கத் தொடங்கிவிடுவார். உறவினர் பாசத்தோடு அழுத்திப் பிடித்தால் அந்தக் காவல் போய்விடும். எத்தனை தடவை சொன்னாலும் எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டத்தான் செய்கிறார்கள்.

ஊசி ஏன் போடவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு நிமிடத்துக்குள் வலி தணியத் தொடங்கும். நிறுத்திய சில நிமிடங்களில் உடலைவிட்டு வெளியேறிவிடும். ரத்தக் குழாயில் ஊசி ஏற்றிக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் எலும்பில் கை வைப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே இழுக்கத் தொடங்க வேண்டும். வலி உச்சத்துக்குப் போனபின் இழுத்தால் பயன் குறைவு.

மயக்கவியல்:
கேள்விகளுக்கான விடை, நைட்ரஸ் ஆக்சைடு ரத்தத்தில் நைட்ரஜனைவிட ஏறத்தாழ 34 மடங்கு அதிகமாகக் கரையும் என்பதில் இருக்கிறது. உடலில் எங்காவது காற்று அடைபட்டிருந்தால், அங்குள்ள நைட்ரஜன் வெளியேறுவதைவிட மிக வேகமாக நைட்ரஸ் ஆக்சைடு உள்ளே புகுந்துவிடும். அதனால் அந்த இடம் உப்பும் அல்லது அதன் அழுத்தம் ஏறும். விலா எலும்பு முறிந்து நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால், சிறிய கசிவும் உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். குடல் அடைப்புக்கும் இதே நியாயம்தான். முக்குளித்து வேகமாக மேலே வந்தவரின் ரத்தத்தில் உள்ள நுண்குமிழிகளும் இப்படியே பெருகும். தலையில் அடிபட்டு நினைவு மங்கியவருக்கும் கொடுப்பதில்லை.

கண்ணைப் பற்றிக் கேட்டதும் இதனால்தான். விழித்திரை அறுவை சிகிச்சையின் முடிவில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை வைப்பார்கள். பயன்படுத்திய வாயுவைப் பொறுத்து அது பல வாரங்கள் தங்கும். அந்நிலையில் நைட்ரஸ் ஆக்சைடை இழுத்தால் குமிழி விரிந்து, கண்ணின் ரத்த ஓட்டம் தடைபட்டுப் பார்வை நிரந்தரமாகப் போகக்கூடும்.

ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1800ஆம் ஆண்டிலேயே இவ்வாயு வலியைப் போக்குவதைக் கவனித்து எழுதிவிட்டார். ஆனாலும் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் 1844இல் தம் பல்லைப் பிடுங்கச் செய்து சோதிக்கும்வரை அது பெரும்பாலும் கேளிக்கைப் பொருளாகவே கிடந்தது. இரண்டு வாயுக்களையும் ஒரே உருளையில் கலந்து தரும் முறையை 1961இல் பிரசவ வலிக்காக டன்ஸ்டல் என்ற மயக்கவியல் மருத்துவர் அறிமுகப்படுத்தினார். 1970 வாக்கில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் அது ஆம்புலன்ஸில் ஏறியது. கடுங்குளிரில், உறைநிலைக்கும் சில பாகை கீழே போனால், கலவை பிரிந்துவிடும் என்பது அங்குள்ளவர்களின் கவலை. நமக்கு அது இல்லை.

கிளமெண்டி:
எல்லா வலிக்கும் இது போதும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். என் தம்பிக்குத் தோள்மூட்டு விலகியபோது, வாயுவை இழுத்தும் தசை இளகவில்லை. பிறகு ரத்தக் குழாய் வழியாக மருந்து செலுத்தித்தான் மூட்டை உள்ளே தள்ளினார்கள். வாந்தியும் தலைசுற்றலும் வேறு. மேலும் பிரிட்டன் 2023 நவம்பரில் தடை செய்த அதே போதை வாயு இதுதானே?

இரவுப்பணித் தாதி:
வாயு அதேதான். ஆனால் போதைக்காக இழுப்பவர்கள் ஆக்சிஜன் கலக்காத வாயுவைத் திரும்பத் திரும்ப, பல வாரங்களாக இழுக்கிறார்கள். அது பி12இல் உள்ள கோபால்ட்டை ஆக்சிகரணம் செய்து செயலிழக்க வைப்பதால் தண்டுவடம் சேதமடைந்து, கால் மரத்து, நடக்க முடியாமல் போனவர்கள் உண்டு. தோள்மூட்டைப் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். இது நடுத்தர வலிக்கும் சிறிது நேரச் செயல்முறைக்கும் ஏற்றது, அவ்வளவுதான்.

மயக்கவியல்:
தோபாயோவாசி, பி12 அளவு இயல்பாக உள்ளவருக்குச் சில நிமிட வாயுவால் தீங்கு நேர்ந்துவிடாது. ஆனால் சைவ உணவும் நீண்டகால மெட்ஃபார்மினும் சேரும்போது பி12 ஏற்கெனவே குறைந்திருக்க வாய்ப்புண்டு. அடுத்த முறை பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுக்கு ரத்தம் எடுக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கை மரத்துப்போவது, நடை தடுமாறுவது போன்றவை தெரிந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

தோபாயோவாசி:
மிக்க நன்றி. அம்மாவுக்கு ஈராண்டுக்கு முன் கண்புரை மட்டும் எடுத்தார்கள். அதில் வாயு வைப்பார்களா?

மயக்கவியல்:
வழக்கமான கண்புரை சிகிச்சையில் வைப்பதில்லை. குமிழி வைத்தவர்களுக்கு எச்சரிக்கைக் கைப்பட்டை கொடுப்பது பரவலான வழக்கம்; வாயு முழுதும் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் சொல்லும்வரை அதைக் கழற்றக் கூடாது.