படகேந்தி, ஊன்றுகால், சேமச் சக்கரம்: சொற்பட்டியலுக்கு மறுமொழி

பட்டியலைத் தொகுத்தளித்த ஐயா அவர்களுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

படகை ஏற்றி இழுத்துச் செல்லும் நெடும்பயணத்தில் நடுவழியில் டயர் காற்றிறங்கினால் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் கையேட்டுக்காகத் தாங்கள் முன்மொழிந்த சொற்களை வாசித்தேன். பல சொற்கள் அப்படியே ஏற்கத்தக்கவை. ஆனால் சாலையோரத்தில், பின்னால் லாரிகள் விரைந்துகொண்டிருக்கும் வேளையில் கையேட்டைப் புரட்டுபவர், சில சொற்களால் தவறான இடத்தில் கைவைத்துவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். அந்த இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில், டிரெய்லருக்குத் தாங்கள் இட்ட ‘இழுவண்டி’. இது வினைத்தொகை. ‘கொல்களிறு’ என்றால் களிறு கொல்கிறது. ‘குடிநீர்’ என்றால் நீர் குடிக்கப்படுகிறது. இரண்டும் ஒரே தொகைதான், ஆனால் செய்வதும் செய்யப்படுவதும் இடம் மாறிவிடுகின்றன. அதுபோல இழுவண்டி இழுப்பதா, இழுக்கப்படுவதா என்பது படிப்பவரின் ஊகத்துக்கு விடப்படுகிறது. ‘இழுவண்டியின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க’ என்ற வரியைப் படித்தவர் காரின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டுப் படகிருக்கும் வண்டியை உயர்த்தத் தொடங்கினால், உயர்த்தப்படும் வண்டியின் மறுபக்கச் சக்கரம் தடையின்றி நிற்கும். ஆகவே இழுப்பதை ‘முன்வண்டி’ என்றும், படகைத் தாங்கி வருவதைப் ‘படகேந்தி’ என்றும் இரு வேறு சொற்களால் குறிக்கலாம் என்பது என் முன்மொழிவு.

அடுத்து, புதிதாக ஆக்க வேண்டாத சொற்கள். படகேந்தி என்பது அமைப்பில் மாடில்லாத மாட்டுவண்டியே; எனவே வண்டித் தச்சர்களின் சொற்களே பெரும்பாலும் போதும். முன்னே நீண்டு சென்று கொக்கியில் மாட்டும் பகுதிக்கு ‘இணைப்பு நாக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏர்க்கால் என்ற சொல் இருக்கும்போது நாக்கு எதற்கு? சக்கரத்தின் நடுவே அச்சில் சுழலும் பகுதி குடம். உள்ளே இடும் கிரீஸ், மசகு. சக்கரம் உருளாமல் வைக்கும் ஆப்பு, தேரோட்டத்தில் நாம் எல்லோரும் பார்த்த முட்டுக்கட்டைதான். இன்று அச்சொல் இடையூறு என்ற பொருளில் அரசியல் செய்திகளில் அடிபடுகிறது என்பதற்காக அதன் முதற்பொருளைக் கைவிட வேண்டியதில்லை. டயரும் ஜாக்கியும் அப்படியே இருக்கட்டும். அவற்றுக்கு மாற்றுச் சொல் இட்டால் கையேட்டின் முதல் வரியிலேயே வாசகர் நின்றுவிடுவார்.

ஆனால் ஜாக்கி என்ற சொல்லை ஓரிடத்தில் பயன்படுத்தவே கூடாது. ஏர்க்காலின் முனையில் கைப்பிடியைச் சுழற்றி ஏற்றி இறக்கும் கால் ஒன்று உண்டு. அதைப் பட்டியல் ‘முன் ஜாக்கி’ என்கிறது. முன்வண்டியிலிருந்து பிரித்து நிறுத்தும்போது ஏர்க்காலைத் தாங்குவதே அதன் வேலை. சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்ப அது உரியதன்று. பெயரில் ஜாக்கி என்று இருந்தால், கார் ஜாக்கியை எடுத்துவர மறந்தவர் அதைக்கொண்டே முயன்று பார்ப்பார். ‘ஊன்றுகால்’ என்று பெயரிட்டால் அந்த எண்ணமே எழாது.

குடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மாட்டுவண்டியின் சொற்கள் போதாத இடம் இதுவே. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய குடம், படகை இறக்கும் சரிவில் குளிர்ந்த நீருக்குள் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அடைப்பு வளையத்தின் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நீர் கலந்த மசகு பால்போல் வெளுத்துவிடும், உருள்தாங்கிகள் (பேரிங்குகள்) துருப்பிடிக்கும், அடுத்த பயணத்தில் குடம் கொதிக்கும். இதைத் தடுக்கவே குடத்தின் வாயில் விற்சுருள் (ஸ்பிரிங்) கொண்ட மூடி ஒன்றைப் பொருத்துகிறார்கள். அது மசகை வெளியழுத்தத்தைவிடச் சற்று கூடுதலான அழுத்தத்தில் வைத்திருப்பதால் நீர் எளிதில் புகாது. இம்மூடிக்குத் தாங்கள் இட்ட ‘தாங்கிக் காப்பான்’ காவல்காரனைத்தான் நினைவூட்டுகிறது. ‘அழுத்த மசகுமூடி’ என்றால் அதன் செயல் பெயரிலேயே தெரியும்.

வினைச்சொற்களிலும் ஒரு திருத்தம் தேவை. சக்கரத்தின் மரைகளை (நட்டுகளை) முதலில் சிறிதளவு திருப்புவதற்கும் பின்னர் முழுவதும் எடுப்பதற்கும் பட்டியல் ‘கழற்றுக’ என்ற ஒரே சொல்லை ஆள்கிறது. உப்புநீர் பட்டுத் துருவேறிய மரை எளிதில் அசையாது. சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே அதை அசைத்துவிட வேண்டும். வண்டியை உயர்த்தியபின் அந்தப் பலத்தைச் செலுத்தினால் ஜாக்கி சரியும். ஆகவே முன்னதற்குத் தளர்த்துதல், பின்னதற்குக் கழற்றுதல் என்று கையேடு முழுவதும் பிரித்தே எழுத வேண்டும்.

இனி, குழுவில் கருத்து வேறுபாடு மிகுந்த ‘ஸ்டெப்னி’. வேல்ஸின் லானெல்லி நகரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான நிறுவனம் ஒன்று, தான் இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயரைத் தன் மாற்றுச் சக்கரத்துக்கு இட்டது. தெருவின் பெயர் இன்று நம் நாவில் பொருளின் பெயராகிவிட்டது. பேச்சில் அது நிலைத்திருப்பதில் எனக்குக் குறையில்லை. எழுத்துக்கு ‘உபரிச் சக்கரம்’ என்றதை மட்டும் ஏற்க இயலவில்லை. உபரி என்பது தேவைக்கு மேல் மிஞ்சியது, இதுவோ தேவைக்கென்றே வைத்திருப்பது. புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார், பள்ளமும் மேடும் கடக்கும் உப்பு வணிகர், வழியில் நேர்வதை யார் அறிவார் என்று வண்டியின் அடியில் கட்டிவைத்த மாற்று அச்சைச் ‘சேம அச்சு’ என்கிறார். பாரம் மிகுந்த வண்டி, நெடுவழி, முன்னேற்பாடு என எல்லாம் பொருந்திவரும்போது ‘சேமச் சக்கரம்’ என்பதைவிட வேறென்ன வேண்டும்? சேமித்து வைத்தால் மட்டும் போதாது என்பதையும் கையேட்டில் சேர்க்கலாம்: ஓடாமல் தொங்கும் டயரும் வெயிலில் முதுமையடையும், அதன் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும்.

சொற்கள் நடையில் நிற்கின்றனவா என்று பார்க்க ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“சாலையை விட்டு நன்கு விலகி, சமமான கெட்டித்தரையில் நிறுத்துக. படகேந்தியை முன்வண்டியிலிருந்து பிரிக்க வேண்டாம். முன்வண்டியின் கைபிரேக்கைப் போட்டபின், படகேந்தியின் மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க. மரைகளைத் தளர்த்துக. தயாரிப்பாளர் குறித்துள்ள இடத்தில், பெரும்பாலும் சக்கரத்துக்கு அருகே சட்டகத்தின் அடியில், ஜாக்கியை வைத்து உயர்த்துக. மரைகளைக் கழற்றிச் சக்கரத்தை எடுத்தபின், குடத்தின் அருகே கையைக் கொண்டுசென்று சூட்டை உணர்க. மிகுதியாகச் சுட்டால் பழுது டயரில் மட்டும் இல்லை. சேமச் சக்கரத்தைப் பொருத்தி, மரைகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குக. கீழிறக்கியபின் முழு அளவுக்கு இறுக்குக.”

‘முழு அளவு’ என்பது மழுப்பலான சொல் என்பதை அறிவேன். அரை அங்குல மரையாணிகளுக்கு (போல்ட்டுகளுக்கு) பொதுவாக 120 முதல் 160 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குவிசை வேண்டும். ஆயினும் அந்தந்த வண்டிக்குரிய அளவையே குறிப்பிடச் சொல்வது நல்லது. புறப்பட்டபின் முதல் 80 கிலோமீட்டருக்குள் நிறுத்தி மரைகளை மீண்டும் பார்க்க வேண்டும். இச்செயலுக்கு ‘மறு இறுக்கம்’ என்ற சொல் முன்வந்துள்ளது. அப்படி எழுதினால் நிறுத்தும் போதெல்லாம் இன்னும் கொஞ்சம் திருகுவார்கள், மரையாணி நீண்டு அறும். செய்ய வேண்டியது சரிபார்த்தலே என்பதால் தற்போதைக்கு ‘இறுக்கச் சோதனை’ என்று எழுதியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் எவரிடமேனும் இருந்தால், பட்டியல் அச்சுக்குப் போகுமுன் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.