கிரவுண்டில் ரேங்க் பட்டியல் ஒட்டலாமா, கூடாதா?

விசில்_வாத்தியார்:
எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு பி.டி. எடுக்கிறேன். பள்ளி திறந்ததும் எல்லாரையும் 400 மீட்டர் ஓடவிட்டு, முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை நேரத்தோடு எழுதி ஸ்டோர் ரூம் கதவில் ஒட்டினேன், வாராவாரம் மாற்றினேன். குறுவட்டப் போட்டிக்கு ஆள் தேற வேண்டும், வேறு நோக்கம் இல்லை. முதல் எட்டுப் பேர் இப்போது காலை ஆறரைக்கே கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். ஆனால் பட்டியலின் கீழ்ப்பாதி அப்படியே கழன்றுகொண்டது. ஒருத்திக்கு வாராவாரம் வயிற்றுவலி, ஒருவன் ஷூ கிழிந்துவிட்டது என்கிறான் (அவன் ஒரு நாளும் ஷூ போட்டு ஓடியதில்லை). கூட வேலை பார்க்கும் டீச்சர் போட்டியே வேண்டாம் என்கிறார், ஹெட்மாஸ்டரோ போட்டி இல்லாமல் எவன் ஓடுவான் என்கிறார். ஆராய்ச்சி என்ன சொல்கிறது? பி.பி.எட். படித்தபோது சைக்காலஜி பேப்பரை பாஸ் ஆகிற அளவுக்குத்தான் படித்தேன்.

நாலாவது_லேன்:
சார், உங்கள் கதவில் நடந்தது 1898-லேயே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நார்மன் டிரிப்லெட் என்பவர், சைக்கிள் பந்தயக்காரர்கள் தனியாக ஓட்டுவதைவிட இன்னொருவரோடு ஓட்டும்போது வேகமாகப் போவதைப் பந்தயக் கணக்குகளில் பார்த்துவிட்டு, 40 பிள்ளைகளைத் தூண்டில் நூல் சுற்றும் ராட்டினத்தைச் சுற்ற வைத்தார், தனியாகவும் ஜோடியாகவும். பாடப்புத்தகத்தில் 'போட்டி இருந்தால் வேகம் கூடும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். உண்மையில் வேகம் கூடியது 20 பேருக்குத்தான். 10 பேருக்குப் பெரிய மாற்றம் இல்லை, மீதி 10 பேர் பதறிப்போய் இன்னும் மோசமாகச் சுற்றினார்கள். அந்தப் பத்துப் பேர்தான் உங்கள் வயிற்றுவலி கோஷ்டி.

போட்டி மனப்பான்மை என்பதே ஒரே சரக்கு இல்லை. 1988-ல் டயான் கில், தாமஸ் டீட்டர் இருவரும் 25 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் செய்தார்கள். அதில் மூன்று தனித்தனி விஷயங்கள் வந்தன: களத்தில் இறங்கி மோதுவதில் இருக்கும் ஆசை, ஜெயிக்க வேண்டும் என்ற வெறி, தனக்குத் தானே வைத்துக்கொண்ட இலக்கை எட்டும் ஆசை. ஒரு பிள்ளைக்கு மூன்றாவது நிறைய இருந்து இரண்டாவது சுத்தமாக இல்லாமல் போகலாம். உங்கள் பட்டியலில் அந்தப் பிள்ளைக்கு இடமே இல்லை.

வயதையும் பாருங்கள். ஜான் நிக்கோல்ஸ் என்ற சைக்காலஜி ஆய்வாளர் சொன்னது இது: சின்னப் பிள்ளைகளுக்கு நிறைய முயற்சி செய்கிறவன்தான் கெட்டிக்காரன். ஏறக்குறைய 12 வயதில்தான் முயற்சி வேறு, திறமை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறார்கள். மூன்றாம் வகுப்பில் ஒட்டியிருந்தால் சிரித்துக்கொண்டே மறுபடி ஓடியிருப்பான். எட்டாம் வகுப்பில் அதையே 'உனக்கு இது வராது' என்று படிக்கிறான்.

ஞாயிறு_ஓட்டக்காரன்:
போட்டியை இவ்வளவு திட்ட வேண்டாம். நான் 45 வயதில் ஓட ஆரம்பித்தவன், எங்கள் குரூப்பில் ஒருவர் என்னை முந்தக் கூடாது என்பதற்காக மட்டுமே பல நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கிறேன். கேவின் கில்டஃப் என்பவர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பந்தயத்தில் தன் பரம எதிரி இருந்தால் ஓட்டக்காரர்கள் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 விநாடி வேகமாக ஓடியிருக்கிறார்கள். இன்னொன்று, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 790 மாணவர்களை வைத்து 11 வாரம் உடற்பயிற்சி வகுப்பு நடத்திப் பார்த்தார்கள், 2016-ல் வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டியல் இருந்த குழுக்களில் வருகை 90% அதிகம். ஒருவரையொருவர் தட்டிக்கொடுங்கள் என்று விட்ட குழு, எதுவுமே செய்யாத குழுவைவிடக் கீழே போய்விட்டது! டீச்சர் சொல்கிற மாதிரி போட்டியை எடுத்துவிட்டால் கிரவுண்டில் புல்தான் முளைக்கும்.

நாலாவது_லேன்:
அந்த ஆய்வு சரிதான், ஆனால் அங்கே எண்ணியது எத்தனை வகுப்புக்கு வந்தார்கள் என்பதை, வேகத்தை இல்லை. வருகையில் யாரும் முதலிடம் பிடிக்கலாம், குண்டான பையன்கூட. 400 மீட்டர் நேரத்தில் அது நடக்காது. அப்புறம், வந்தவர்கள் வளர்ந்தவர்கள், தாங்களாகவே பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்கள்.

போட்டியால் திறன் கூடுமா என்று 2012-ல் முராயாமாவும் எலியட்டும் எக்கச்சக்கமான ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். காரணம், போட்டி இரண்டு பக்கமும் இழுக்கிறது. 'அவனைவிட நன்றாகச் செய்யணும்' என்று இறங்குகிறவனுக்குக் கூடுகிறது, 'எல்லார் முன்னாலும் கடைசியாகிவிடக் கூடாது' என்று இறங்குகிறவனுக்குக் குறைகிறது. ஒரே காகிதம் உங்கள் எட்டுப் பேரிடம் முதலாவதையும் மற்றவர்களிடம் இரண்டாவதையும் கிளப்பிவிட்டது.

சியாட்டில் பக்கம் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்கள் சிலருக்கு ஸ்மித், ஸ்மால் என்ற இருவரின் குழு சில மணி நேரம் வகுப்பு எடுத்தது. முயற்சியைப் பாராட்டு, தப்பு செய்தால் திட்டாமல் திருத்திக் காட்டு, அவ்வளவுதான் பாடம். அடுத்த சீசனில் அவர்களிடம் இருந்த பிள்ளைகளில் 5% பேர்தான் விளையாட்டை விட்டார்கள், மற்ற பயிற்சியாளர்களிடம் 26%. வெற்றி தோல்விக் கணக்கில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. ஹெட்மாஸ்டரிடம் இதைச் சொல்லுங்கள்.

விசில்_வாத்தியார்:
பட்டியலைக் கிழித்துவிட்டேன். இப்போது ஆளுக்கொரு அட்டை, அதில் போன வார நேரம், இந்த வார நேரம், கதவில் வருகைக் கணக்கு மட்டும். ஷூ பையன் வெறுங்காலோடு வந்து 3 விநாடி குறைத்துவிட்டுப் போனான். சிக்கல் எட்டுப் பேரிடம்தான்: "எங்க பட்டியல் எங்க சார்?" என்று தினமும் கேட்கிறார்கள்.

ஞாயிறு_ஓட்டக்காரன்:
அவர்களுக்கு மட்டும் ஒன்று எழுதி உங்கள் நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் காட்டுங்கள். அவர்களுக்கு எதிரி வேண்டும், பாவம்.