நடுக்கோடு எங்கே விழுகிறது?

குழு: தோட்டத்து வீடு

வெள்ளிக்கிழமை

நவீன் (இரவு 9.12): (படம்)

நவீன்: முதல் பாகம் கைக்கு வந்துவிட்டது.

சுமதி அத்தை: என்ன கண்ணு இது, கருகின வடையா?

நவீன்: டயர் அத்தை. லெகோ என்கிற பொம்மைக் கட்டையின் டயர். ரேஸ் கார் ஒன்று டிசைன் செய்கிறேன், அதற்கு.

சுமதி அத்தை: கார் எங்கே?

நவீன்: டயர் வந்தால்தான் கார்.

அம்மா: மூன்று நாளாக இதே சோலி. அரிசிம்பருப்பு சாதம் ஆறிக் கிடக்கிறது, கூப்பிட்டால் காதிலேயே விழுவதில்லை.

மகேஷ் மாமா: எந்தக் கார் மாப்பிள்ளை?

நவீன்: 2005 ஃபார்முலா ஒன் ரேஸில் ஓடிய ஜோர்டான் டீம் கார் மாமா. மஞ்சள். நம்பர் 19.

மகேஷ் மாமா: அட! நம்ம நரேன் கார்த்திகேயன் கார்!

மகேஷ் மாமா: கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் ஃபார்முலா ஒன் காரில் உட்கார்ந்தான் என்றால் அன்றைக்கு யாரும் லேசில் நம்பவில்லை. அந்த வருடம் ஜூன் 19, அமெரிக்கா ரேஸ். நானும் உங்கள் அப்பாவும் டிவி முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தோம். நரேன் நாலாவது! 5 பாயின்ட்!

சுமதி அத்தை: எத்தனை பேரில் நாலாவது என்பதையும் சொல்லிவிடுங்க.

மகேஷ் மாமா: ...ஆறு.

மகேஷ் மாமா: அது டயர் தகராறு. மிஷ்லின் டயர் போட்ட 14 காரும் ஒரு சுற்று வந்துவிட்டு உள்ளே போய்விட்டன. நாலாவது நாலாவதுதான்!

யாழினி: அண்ணா, 2025இல் ஓடிய 10 டீம் காரும் லெகோ பெட்டியாகவே வந்ததே. வாங்கிக் கோத்தால் முடிந்தது.

நவீன்: 2005 ஜோர்டான் எந்தப் பெட்டியிலும் வராது அம்மிணி. அதனால்தான் நானே.

யாழினி: சரி, என்ன ஸ்கேல்?

நவீன்: அது என் கையில் இல்லை. டயர்தான் சொல்ல வேண்டும். மற்ற பாகத்தையெல்லாம் கட்டையைக் கூட்டிக் குறைத்துக் கொண்டுவரலாம். டயரைக் கட்ட முடியாது, சில அளவுகளில்தான் வரும். அன்றைய விதிப்படி நிஜ டயரின் விட்டம் 660 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கையில் இருப்பது 43.2 மி.மீ. வகுத்தால் 15.28, நிஜக் கார் அத்தனை மடங்கு பெரிது. இனி வண்டி முழுக்க அதே கணக்குதான்.

நவீன்: டயரின் அகலம் 22. பெருக்கினால் 336. முன் டயர் 305க்கும் 355க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று விதி. கச்சிதமாக உள்ளே விழுந்துவிட்டது! பின் டயருக்கு 365ஆவது வேண்டும், அங்கேதான் ரெண்டு மில்லி ஒல்லி. யாரும் பின்னால் போய் நின்று பார்க்காதீர்கள்.

சனிக்கிழமை

பெரியப்பா (காலை 5.41): நேற்றுப் போட்டதை இப்போதுதான் பார்த்தேன். 15.28இல் அந்த .28 எதற்குத் தம்பி? 15 என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபமாக இருக்குமே.

நவீன் (காலை 8.20): 15 என்றால் டயர் 44 மில்லி இருக்க வேண்டும் பெரியப்பா. 0.8 இடிக்கும்.

பெரியப்பா: ஆமாம், ஆமாம். வார்ப்பிரும்பு ஆறும்போது சுருங்கும் என்று மீட்டருக்கு 10 மில்லி கூட்டி வார்ப்பு அச்சுக்கான மரப் பேட்டர்ன் செய்தவன், .28ஐ விடு என்று சொல்லலாமா. போச்சாது, நீ செய்.

அம்மா: நீங்களுமா மாமா?

ஞாயிற்றுக்கிழமை

நவீன் (காலை 10.05): (படம்) ஸ்டூடியோ என்கிற இலவச மென்பொருளில் வரைந்தது. ஒரு பாதி முடிந்தது.

சுமதி அத்தை: இது வாத்து.

யாழினி: அண்ணா கோபித்துக்கொள்ளாதே. வாத்தேதான்.

மகேஷ் மாமா: தலைக்கு மேல் ஒரு வளையம் வருமே, அது எங்கே?

நவீன்: ஹேலோ 2018இல்தான் வந்தது மாமா. 2005இல் வெறும் தலைதான்.

நவீன்: வாத்து என்றால் மூக்கா?

யாழினி: மூக்கு. பட்டையாக இருக்கிறது.

நவீன்: தெரியும். நேற்றிலிருந்து அதைத்தான் முறைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டை மேல் இருக்கிற குமிழ்தான் ஸ்டட். ஒரு ஸ்டட் அகலம் 8 மில்லி, நிஜக் காரில் 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூக்கு ரெண்டு ஸ்டட். 24 சென்டிமீட்டர் மூக்கு நுனி எந்தக் காருக்கு இருக்கிறது? ஒன்றாகக் குறைத்தால் நடுவில் உட்கார மாட்டேன் என்கிறது. ஒரு பக்கமாக ஒதுங்குகிறது.

பெரியப்பா: வண்டி மொத்தம் எத்தனை ஸ்டட் அகலம்?

நவீன்: 14 பெரியப்பா. நிஜ அகலம் 1800, கணக்குப்படி 14.7 வருகிறது. பிளேட் என்கிற தட்டைக் கட்டையெல்லாம் 2, 4, 6 என்று இரட்டைப்படையில்தான் ஏகமாகக் கிடைக்கும், அதனால் 14 வைத்தேன்.

பெரியப்பா: நடுக்கோடு எங்கே விழுகிறது கண்ணு? ஸ்டட்டின் மேலா, ரெண்டு ஸ்டட்டுக்கு நடுவிலா?

நவீன்: 14 என்றால்... நடுவில்.

பெரியப்பா: மூக்கு?

நவீன்: ஒரு ஸ்டட். அதன் கோடு ஸ்டட்டின் மேல்.

பெரியப்பா: அப்புறம் எப்படிச் சேரும்? ரெண்டாகப் பிளந்து செய்கிற பேட்டர்னுக்குக் கட்டையில் முதலில் கீறுவது நடுக்கோடுதான். அதை விட்டுவிட்டு உளியை எடுத்தால் எங்கள் மேஸ்திரி கட்டையாலேயே ஒரு போடு போடுவார். நீ சௌகரியம் பார்த்து 14 வைத்தாய். 15 வை.

நவீன்: கீழிருந்து மொத்தத்தையும் பிரிக்க வேண்டுமே பெரியப்பா.

பெரியப்பா: கம்ப்யூட்டரில் இருக்கிறதைப் பிரிக்க என்ன வலி? நாங்கள் தேக்கை வீணாக்கினோம்.

(நவீன் ஒரு செய்தியை அழித்துவிட்டார்)

நவீன் (இரவு 11.48): (படம்)

யாழினி: ஐயோ! கார்!

நவீன்: 15 வைத்ததும் பூட்டுத் திறந்த மாதிரி ஆகிவிட்டது. முன் இறக்கை நிஜத்தில் 1400 மி.மீ., கணக்கில் 11.45, அதாவது 11. ஒற்றைப்படை! மூக்கு 1, அதற்குப் பின்னால் 3, டிரைவர் உட்காருகிற இடம் 5. எல்லாம் ஒரே கோட்டில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. பின் இறக்கை ஒன்றுதான் முரண்டு, 1000 மி.மீ.க்கு 8 ஸ்டட் வருகிறது.

திங்கட்கிழமை

பெரியப்பா (காலை 5.30): பின் இறக்கைக்கு என்ன செய்தாய்?

நவீன்: ஜம்பர் என்று ஒரு பிளேட் இருக்கிறது. ரெண்டு ஸ்டட் அகலம், மேலே நடுவில் ஒரே ஒரு ஸ்டட். அதன் மேல் வைத்தால் எல்லாம் அரை ஸ்டட் நகர்ந்துவிடும். பின் இறக்கைக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன்.

பெரியப்பா: பலே.

புதன்கிழமை

யாழினி: அண்ணா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தில் வீங்கியிருக்கிற இடத்தில் கட்டையெல்லாம் படுத்த வாக்கில் இருக்கிறதே. அது எப்படிக் கீழே இருப்பதோடு சேரும்?

நவீன்: ரேடியேட்டரை மூடுகிற சைடுபாட் அது. மேலே பார்த்து அடுக்கினால் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். அதனால் பிராக்கெட் வைத்துப் பக்கவாட்டில் திருப்பிவிட்டேன், வழவழப்பான முகம் வெளியே தெரியும். சேருவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு பிளேட்டின் உயரம் 3.2 மில்லி. ஐந்து பிளேட் அடுக்கினால் 16. ரெண்டு ஸ்டட்டும் 16. நிற்கிற கட்டையும் படுத்த கட்டையும் ஒட்டுக்கா முடிகிற இடம் அதுதான். ஐந்துக்கு ரெண்டு, இதை மனப்பாடம் செய்தால் பாதி டிசைன் முடிந்தது.

யாழினி: நீளத்துக்கு எதை வைத்து அளந்தாய்?

நவீன்: பக்கவாட்டுப் போட்டோவில் டயரையே ஸ்கேலாக வைத்து. தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுத்த போட்டோதான் ஆகும். கிட்டே நின்று எடுத்ததில் முன் டயர் பூசணிக்காயாகவும் பின் டயர் எலுமிச்சையாகவும் தெரியும். முதலில் அப்படி ஒரு போட்டோவை நம்பி மூக்கு ரெண்டு ஸ்டட் நீண்டுவிட்டது.

மகேஷ் மாமா: செட்டிபாளையம் ட்ராக்குக்கு ஒரு நாள் வெள்ளென வா மாப்பிள்ளை. போட்டோவில் பார்ப்பது வேறு, ரேஸ் கார் பக்கத்தில் நிற்பது வேறு. இடுப்பு உயரம் கூட இருக்காது. கரிவரதன் பெயரில் 2003இல் திறந்த ட்ராக் அது. மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டிய மனுஷன், நரேனே அந்தக் காரில் பழகியவன்தான். என் ஸ்கூட்டரை ஒரு நாள் அந்த ட்ராக்கில்...

சுமதி அத்தை: அந்தக் கதை வேண்டாம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை

நவீன்: பாகங்கள் வந்துவிட்டன. 412க்கு 386.

அம்மா: மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து அனுப்பியதற்கு 386தானா?

நவீன்: 14 பாகம் கடைக்காரர் போட மறந்தது. கேட்டேன், அனுப்புகிறேன் என்கிறார், எப்போது என்று சொல்ல மாட்டேன் என்கிறார். மீதி 12 என் தப்பு அம்மா. அந்த வளைந்த பாகம் மஞ்சளில் வந்ததே இல்லையாம். கம்ப்யூட்டரில் எந்தப் பாகத்துக்கும் எந்த நிறமும் அடிக்கலாம், கம்பெனி அந்த நிறத்தில் போட்டதா என்று நான் பார்க்கவில்லை.

சுமதி அத்தை: பெயின்ட் அடித்துவிடு.

நவீன்: அத்தை, அது பாவம்.

யாழினி: கருப்பில் கிடைக்குமா? நிஜக் காரிலும் மஞ்சளோடு கருப்பு இருக்கிறதே.

நவீன்: ...கிடைக்கும்.

யாழினி: அப்புறம் என்ன? திருப்பூரில் எங்களுக்கு இதுதான் தினசரி வேலை. கேட்ட சாயம் வராவிட்டால் டிசைனில் பட்டை இழுத்துவிடுவோம்.

சனிக்கிழமை

நவீன் (மாலை 4.15): (வீடியோ)

அம்மா: வீட்டில் கேட்டது அந்தச் சத்தம்தானா?

நவீன்: மூக்கைப் பிடித்துத் தூக்கினேன். முன் இறக்கை மட்டும் கையோடு வந்தது, கார் மேசையிலிருந்து உருண்டுவிட்டது. கம்ப்யூட்டரில் எடையே கிடையாது, ஒற்றை ஸ்டட்டில் என்ன தொங்கவிட்டாலும் நிற்கும். இங்கே நிற்கவில்லை. டயர் ஒன்று சோபாவுக்கு அடியில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை.

பெரியப்பா: மூக்குக்குள் எலும்பு வைத்தாயா?

நவீன்: இல்லை பெரியப்பா. தனித்தனித் துண்டு, ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கிறது.

பெரியப்பா: மூக்கு நுனியிலிருந்து டிரைவர் சீட் வரை நீளமாக ஒரே துண்டு ஓட வேண்டும். அதன் மேல்தான் மற்றதெல்லாம்.

நவீன்: 1க்கு 8 பிளேட் ஒன்று கிடக்கிறது. இருங்கள்.

நவீன் (மாலை 5.50): (படம்) மூக்கைப் பிடித்துத் தூக்கிய நிலையில்தான் எடுத்தேன். விழவில்லை.

மகேஷ் மாமா: 19ஆம் நம்பர்! ஒரு பிரதி எனக்கும் வேண்டும் மாப்பிள்ளை, டிவி மேல் வைக்க.

சுமதி அத்தை: இப்போதைய டிவி மேல் எதை வைக்க முடியும்? கீழே வையுங்க.

பெரியப்பா: பொழுதோட வீட்டில் இருப்பாயா? அளக்கிற வெர்னியர் காலிப்பர் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

நவீன்: வாங்க பெரியப்பா.

அம்மா (இரவு 8.02): மாமா வந்து ஒரு மணி நேரம் ஆகிறது. ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். காப்பி ஆறிவிட்டது.

பெரியப்பா (இரவு 8.10): முன் இறக்கை 11 ஸ்டட், 88 மில்லி என்றான். வெர்னியரில் 87.8 காட்டுகிறது. ரெண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டேன். 0.2 எங்கே போயிற்று என்று கேட்டால் சிரிக்கிறான்.

நவீன்: எல்லாக் கட்டையிலும் ரெண்டு ஓரத்திலும் 0.1 குறைத்துத்தான் செய்வார்கள் பெரியப்பா, பக்கத்துக் கட்டை இடிக்காமல் உட்கார. நேரில் சொன்னால் நீங்கள் நம்பவில்லை, அதனால் இங்கேயும் எழுதுகிறேன்.

யாழினி: பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு குழுவில் பேசுகிறீர்களா ரெண்டு பேரும்?

பெரியப்பா: கிளியரன்ஸ்! அதைத் தமிழில் நேராகச் சொல்ல வேண்டியதுதானே. பிளாஸ்டிக்கில் இத்தனை துல்லியமா?

பெரியப்பா: கண்ணு, இன்னொரு கட்டை கொடு. அளக்கிறேன்.

அம்மா: மாமா, சாப்பாடு எடுத்துவைத்தாகிவிட்டது. கட்டையை வைத்துவிட்டு ரெண்டு பேரும் வாருங்கள்.