கோயம்பேட்டைத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கிறேன். மெற்றோ நிலையம் வந்தால் சுற்றியுள்ள நிலப் பயன்பாடு எப்படி மாறுகிறது என்பது அடுத்த வாரப் பாடம். எங்கள் பிள்ளைகளுக்குப் பழகியதோ தண்டவாளம் முடியும் எங்கள் ஊர்ப் புகையிரத நிலையம். நாளுக்குச் சில வண்டிகள் மட்டும் வந்துபோகும் இடம் அது. சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி ஓடினால்தான் நடைதூரத்து நிலத்தின் பெறுமதி ஏறும், வீடு கடையாகும், கடை மாடியாகும்.

ஹொங்கொங்கை விளக்குவது எளிது: நிலையத்தின் மேலேயே குடியிருப்பைக் கட்டி, அந்த வருமானத்தையும் சேர்த்தே பாதை அமைத்தார்கள். என்னைத் திணறவைப்பது சென்னைக் கோயம்பேடு. சந்தை 1996இல், பஸ் நிலையம் 2002இல், மெற்றோ 2015இல் வந்தன. அப்படியானால் எந்த மாற்றத்தை மெற்றோவின் கணக்கில் எழுதுவது? 2023 இறுதியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்து, தென்மாவட்ட பஸ்கள் அங்கே மாறிய பிறகு கோயம்பேட்டின் கடைகளும் விடுதிகளும் என்னவாயின? இது தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

அங்கே வசிப்பவர்கள், 2015க்கு முன்னும் பின்னும் எடுத்த தெருப் படங்கள் வைத்திருப்பவர்கள், வாடகை ஏறியதா இறங்கியதா என்று சொல்லக்கூடியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். அதே மெற்றோ பாதையிலுள்ள ஆலந்தூர்ப் பக்கத்துச் செய்தியும் பயன்படும். வெள்ளிக்கிழமைக்கு முன் கிடைத்தால் வகுப்பில் காட்டிவிடுவேன்.