பெக்கோ சூடானதும் படுக்குது: கண்ட கேசுகளை எழுதுங்கோ

குளக்கட்டு
முத்தையன்கட்டுப் பக்கம் வாய்க்கால் துப்புரவு. 20 தொன் பெக்கோ (செயினில ஓடி மண் வெட்டுற மெசின்), யப்பானில இருந்து வந்த பழசு. காலமை நல்லா வெட்டும். வெயில் ஏற ஏறப் பூம், அதான் பெரிய கை, எழும்பாது, செயினும் இழுக்காது. ஒரு மணித்தியாலம் ஆறவிட்டால் திரும்ப வேலை செய்யும். ஒயிலை அழுத்திக் கையையும் செயினையும் அசைக்கிற மெயின் பம்ப் போட்டுது எண்டு புதுசுக்கு விலையும் கேட்டாச்சு. பம்பில கை வைக்க முதல் அந்த ஒயிலை ஆத்துற கூலரின்ர போல்ற்றுகளைக் கழட்டி முன்னுக்கு இழுத்துப் பார்த்தால், கூலருக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில புழுதியும் புல்லுப்பூவும் ஒயில் கசிவோட சேர்ந்து இறுகிக் கிடக்குது. விரலைக் குடுத்து இழுக்க ஒரு பாய் மாதிரி முழுசா உரிஞ்சு வந்தது. வெளிப்பக்கம் மட்டும் பார்த்தால் கூலர் துப்புரவாத்தான் தெரியும். பம்பில ஒரு குறையும் இல்லை.

மாங்குளம் மேற்கு
அண்ணை, உங்கட கேஸ் சரி. ஆனால் இதை வாசிக்கிறவை எல்லாரும் கூலரைக் கழட்ட வெளிக்கிடக்கூடாது. முதல்ல காது குடுத்துக் கேக்க வேணும். வாளி மண்ணுக்குள்ள இறங்கேக்க என்ஜின் சத்தம் இறங்கிக் கறுப்பு அடிக்குதா? அப்ப காத்து வரத்து, இல்லாட்டி டீசல் தெளிக்கிற ஊசி, காத்தைத் தள்ளுற ரேர்போப் பக்கம். சத்தம் இறங்குது, ஆனால் புகை இல்லையா? டீசல் வரத்துப் போதாது. சத்தம் இறங்காமல் கை மட்டும் மெதுவா? அப்பதான் ஹைட்ரோலிக். அதிலயும் ஒரு அசைவு மட்டும் மெதுவெண்டால் அந்தச் சிலிண்டர் சீலையும் வால்வையும் பாருங்கோ. எல்லாமே மெதுவெண்டால் பைலற் பிறஷர் (லீவர் வழியா வால்வுகளை அசைக்கிற சின்ன அழுத்தம்) பாருங்கோ, பெரும்பாலான மெசினில 35–40 பார் வரும். பைலற் பில்ற்றர் அடைச்சாலும் பம்ப் செத்தது போலத்தான் காட்டும்.

2022 டீசல் தட்டுப்பாட்டில பீப்பாயில சேர்த்து வைச்ச டீசலை அடிச்ச ஒரு மெசின், அரை மணித்தியாலம் ஓடினாப் பிறகுதான் இழுவை விட்டது. தண்ணி நிண்ட டீசலில பூஞ்சணமும் கிருமியும் வளரும். அந்தச் சளி மெல்ல மெல்லத் தாங்கியில டீசல் வெளிய போற வாய் வலையில வந்து ஒட்டும். நிப்பாட்டினால் விழுந்து போகும், திரும்ப ஓடும். ஆறினாப் பிறகு நல்லா ஓடுது எண்டதை வைச்சே சூட்டைக் குற்றம் சொல்ல ஏலாது.

லாண்ட்மாஸ்டர்
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? எங்கட வெயிலுக்குத் தேர்மோஸ்டற்றே (சூடானாப் பிறகு ரேடியேற்றருக்குத் தண்ணி விடுற வால்வு) தேவையில்லை. கழட்டி விட்டால் சூடு ஏறாது.

பரந்தன் பட்டறை
தம்பி, இந்தப் பேச்சாலதான் ஒரு என்ஜின் ஹெட் போனது. கூலர் துப்புரவு, பெல்ற் இறுக்கம், தண்ணி நிறைய இருக்கு, எண்டாலும் சூட்டு மீற்றர் முள்ளு சிவப்பில. ஆரோ தேர்மோஸ்டற்றைக் கழட்டி வெறும் பக்கிங் போட்டு மூடியிருக்கினம். பெக்கோ என்ஜின் கனத்தில பைபாஸ் வழி இருக்கு. தேர்மோஸ்டற் திறக்கேக்கதான் அதின்ர அடித்தட்டு அந்த வழியை அடைக்கும். அது இல்லாட்டி பைபாஸ் எந்த நேரமும் திறந்து கிடக்கும், தண்ணியில ஒரு பங்கு ரேடியேற்றருக்குப் போகாமலே என்ஜினுக்குத் திரும்பும். சந்தேகமெண்டால் சட்டியில தண்ணி வைச்சுக் கொதிக்கவிட்டுச் சோதியுங்கோ: அதில பொறிச்ச சூட்டில, கனத்தில 82 பாகை, வாய் திறக்கத் தொடங்க வேணும். திறக்காட்டிப் புதுசு போடுங்கோ.

அதே மெசினில காத்தாடியும் மறுபக்கம் திருப்பிப் பூட்டிக் கிடந்தது, வோட்டர் பம்ப் மாத்தேக்க நடந்திருக்கும். திருப்பிப் பூட்டினாலும் காத்து அதே பக்கம்தான் போகும், ஆனால் அளவு குறைஞ்சிடும். அதாலதான் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை.

இனித் தண்ணி. வன்னிக் கிணத்துத் தண்ணியை ரேடியேற்றருக்கு விடாதேங்கோ. கேத்தில் அடியில ஒட்டுற அதே வெள்ளைச் சுண்ணாம்பு என்ஜினுக்குள்ள பிஸ்டன் ஓடுற லைனரைச் சுத்தியும் ஒட்டும். பிறகு ரேடியேற்றரை எப்பிடிக் கழுவினாலும் லைனர்ச் சூடு தண்ணிக்கு இறங்காது. கூலன்ற்றும் வடிச்ச தண்ணியும் பாதிக்குப் பாதி. கூலன்ற் வாங்க வழியில்லாட்டிச் சுத்தமாப் பிடிச்ச மழைத்தண்ணி கிணத்துத் தண்ணியை விட நல்லது, ஆனால் துருவையும் லைனர் அரிப்பையும் அது தடுக்காது. கூலரையும் ரேடியேற்றரையும் வெளியால கழுவேக்க முதல்ல காத்தாடிப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக் காத்தடியுங்கோ, பிறகுதான் தண்ணி. காஞ்ச புழுதியில நேரா தண்ணி பட்டால் களியாகி உள்ளுக்கு இறுகும். பிறஷர் வாஷரைக் கிட்டப் பிடிச்சால் தகடு மடங்கும்.

வட்டுவாகல்
எல்லாரும் மேல்பக்கத்தையே கதைக்கிறியள். காடு வெட்டின மெசின் கழுவ வந்தால் என்ஜினுக்குக் கீழ இருக்கிற அடித்தட்டையும் திறவுங்கோ. சருகும் ஒயிலும் சேர்ந்து ரேர்போச் சூட்டில பத்தும். புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் வேலை செய்து வாற மெசின் எண்டால் செயினுக்குள்ள சிக்கின இரும்பைச் சுத்தியலால தட்டி எடுக்காதேங்கோ, வெல்டிங் நெருப்பும் காட்டாதேங்கோ. என்ன சாமான் எண்டு தெரியாட்டித் தள்ளி நிண்டு பொலிசுக்குச் சொல்லுங்கோ. கண்ணிவெடி அகற்றின காணியிலயும் ஆழமா வெட்டேக்க வெடிக்காத ஷெல் வரும்.

மாங்குளம் மேற்கு
சரி. பம்ப் உண்மையிலயே தேய்ஞ்சதா எண்டு பார்க்க: ரண்டு பம்புக்கும் தனித்தனிக் கேஸ் ட்றெயின் ஹோஸ் (பம்புக்குள்ள கசியிற ஒயிலைத் தாங்கிக்குத் திருப்புற ஹோஸ்) இருந்தால், ஒயில் சூடா இருக்கேக்க அதுகளைத் தனித்தனி வாளிக்கு விட்டு, ஒரே லோடில, ஒரே நேரத்துக்கு அளவுங்கோ. ஒண்டு மற்றதை விடக் கனக்க விட்டால் அந்தப் பம்ப். சூட்டில ஒயில் மெலிஞ்சு தேய்ஞ்ச இடைவெளியால திரும்பி ஓடுறதாலதான் காலமை நல்லாவும் மத்தியானம் மோசமாவும் இருக்கும். பம்ப் ஊளையிட்டு, ஒயில் நுரைச்சுப் பால் போல வந்தால் தாங்கியில இருந்து பம்புக்கு ஒயில் உறிஞ்சுற சக்ஷன் ஹோசில காத்து இழுக்குது. கிளிப்பை இறுக்கிப் பாருங்கோ, ஹோசில வெடிப்புத் தேடுங்கோ.

லாண்ட்மாஸ்டர்
ஒயில் கசிவு எங்கை எண்டு தெரியாட்டி என்ஜினை ஓடவிட்டு ஹோஸ் வழிய கையைத் தடவினால் பிடிபடும்.

கிறீஸ் கன்
இல்லை. தயவுசெய்து அதை ஒருத்தரும் செய்யாதேங்கோ. 20 தொன் மெசினில லைன் பிறஷர் 350 பார் மட்டில வரும். ஊசித் துளையால வாற ஒயில் கண்ணுக்குத் தெரியாது, கையுறையையும் தாண்டித் தோலுக்குள்ள இறங்கும். காயத்தைப் பார்த்தால் முள்ளுக் குத்தினது போல ஒரு புள்ளி, நோவும் பெரிசா இராது. சில மணித்தியாலத்தில விரல் வீங்கிக் கறுக்கத் தொடங்கும். கழுவி மருந்து பூசிக்கொண்டு இருந்தால் விரலே போகும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் "அழுத்த ஒயில் உள்ளுக்கு ஏறியிருக்கு, ஒப்பரேசன் தேவைப்படும்" எண்டு சொல்லுங்கோ, ஒயிலின்ர பேரையும் எழுதிக் கொண்டு போங்கோ.

கசிவு தேட ஒரு நீட்டுக் காட்போட் மட்டை போதும், துளை இருக்கிற இடத்தில மட்டை ஈரமாகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கோ. கழட்ட முதல் வாளியை நிலத்தில வைச்சு, என்ஜினை நிப்பாட்டி, சாவியை ஒன்னில விட்டு லீவர்களை நாலு பக்கமும் ஆட்டுங்கோ. பிறகு ஹைட்ரோலிக் ஒயில் தாங்கி மூடியின்ர காத்தைத் திறந்து விட்டிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுங்கோ.