நியூசிலாந்தின் கொரோனா வெற்றிக்குக் காரணம் தலைமையா, கடலா?

கேள்வி

2020 மார்ச் 23 அன்று நியூசிலாந்தில் கொரோனா தொற்றாளர்கள் 102 பேர் மட்டுமே இருந்தார்கள். ஓர் உயிரிழப்புகூட நேர்ந்திருக்கவில்லை. ஆயினும் இரண்டே நாளில் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கும் என்று பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் அன்று அறிவித்தார். ஜூன் 8 அன்று அங்கே சிகிச்சையில் இருந்த கடைசி நோயாளியும் குணமடைந்துவிட்டார். இதைத் தலைமையின் திறம் என்று கொள்வதா, கடல் சூழ்ந்த, ஐம்பது லட்சம் பேரே வாழும் நாட்டுக்கு வாய்த்த நற்பேறு என்று கொள்வதா? அவருடைய பேச்சாற்றலுக்கு அளவுக்கு மீறிய புகழ் கிடைத்துவிட்டதோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

மறுமொழி 1

பிரிட்டனும் தீவுதான். அங்கே ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் அதே மார்ச் 23 அன்றுதான். ஆனால் அதற்குள் நூற்றுக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். நியூசிலாந்து மார்ச் 19 அன்றே வெளிநாட்டவருக்கு எல்லையை மூடியதோடு, நான்கு எச்சரிக்கை நிலைகள் எவை, ஒவ்வொன்றிலும் எதற்கு அனுமதி உண்டு என்பதை ஊரடங்கு அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்னதாகவே மக்களுக்கு விளக்கியிருந்தது. தீவிர சிகிச்சைப் படுக்கைகள் குறைவு என்ற அச்சமும் அந்த அவசரத்துக்குப் பின்னால் இருந்தது. கடல் ஒரு வசதி என்பது உண்மையே. அந்த வசதி கைநழுவும் முன் முடிவெடுத்ததைத்தான் நான் தலைமை என்பேன். பேச்சை விட்டுவிடலாம்.

மறுமொழி 2

நான் பாராட்ட விரும்புவது வேறொன்றை. நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்பட்ட அந்த வாரங்களில் அரசைக் கேள்வி கேட்பதற்கென்றே ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் எதிர்க்கட்சித் தலைவர் சைமன் பிரிட்ஜஸ், உறுப்பினர்களில் பெரும்பான்மையினரும் எதிர்த்தரப்பினரே. நெருக்கடியைக் காரணம் காட்டி எதிர்க்கட்சியின் வாயை அடைக்க முனையும் அரசுகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாகவே இருக்கும். ஊரடங்கின் முதல் ஒன்பது நாள்களில் மக்களை வீட்டில் இருக்கச் சொன்ன கட்டளை தேவையானதே என்றாலும் அதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்று, அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊரடங்கு விதியை மீறிக் குடும்பத்தோடு கடற்கரைக்குச் சென்ற சுகாதார அமைச்சர் டேவிட் கிளார்க்கின் பதவியும் ஜூலைக்கு மேல் நிலைக்கவில்லை.

மறுமொழி 3

கதையை 2020-உடன் முடித்துவிடாதீர்கள். நாடு திரும்ப விரும்பிய சொந்தக் குடிமக்கள் தனிமைப்படுத்தும் விடுதிகளில் ஓர் அறைக்காகக் காத்துக் கிடந்தார்கள். 2021 செப்டம்பர் முதல் அந்த வரிசையைக் கணினிக் குலுக்கல் தீர்மானித்தது. கருவுற்றவர்களும் மரணப் படுக்கையில் இருந்த பெற்றோரைக் காணத் துடித்தவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். இந்தக் குலுக்கல் முறை, குடிமக்கள் தாய்நாடு திரும்பும் உரிமையை நியாயமின்றி மீறியதாக 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கூறியது. 2020 அக்டோபர் தேர்தலில் 120 இடங்களில் 65 இடங்களை வென்ற அதே பிரதமர், 2022 பிப்ரவரியில் நாடாளுமன்ற வளாகத்தையே போராட்டக்காரர்கள் வாரக்கணக்கில் ஆக்கிரமித்திருந்ததைக் காண நேர்ந்தது.

கேள்வி கேட்டவர்

நன்றி. கடல்தான் காரணம் என்ற என் எண்ணத்தைப் பிரிட்டன் ஒப்பீடு அசைத்துவிட்டது. இரண்டாம் மறுமொழியில் சொல்லப்பட்ட குழு 2020 மே மாதமே கலைக்கப்பட்டுவிட்டது என்று அறிகிறேன். அது 2021-இலும் இருந்திருந்தால் அந்தக் குலுக்கல் முறை இத்தனை மாதம் நீடித்திருக்குமா என்பதே இப்போது என் கேள்வி.